வட்டத்துக்கு நடுவில்

அத்தியாயம் 7

"மேடம், நூத்தி இருபது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயிட்டு வந்த கல்லாம் இது. பார்த்தா மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸைத் தாண்டியிருக்கும்னுகூட நம்ப முடியல."

பீட்டர் அந்தக் கண்ணாடி ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, தொம்மலூரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பீட்டரின் வாயை மூட முயற்சி செய்து பார்த்து, செலவு அதிகம், பலன் இல்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டாள். தங்கவயல் சுரங்கத்தை இழுத்து மூடிய வருஷம் அது. பத்தொன்பது வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்த பீட்டர், வேலை போன மறுமாதமே அவளுடைய ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருந்தான்.

இருவரும் இப்போது உட்கார்ந்திருந்தது மல்லேஸ்வரத்தில், கேஸ் கொடுத்த பாமாவின் வீட்டு ஹாலில். மணி பத்து. மாலை நாலு மணிக்குள் ஓர் அறிக்கையிலிருந்து ஒரு வார்த்தையை நீக்க வைக்க வேண்டும். அந்த வார்த்தை, 'மோசடி'.

பாமாவின் கணவர் டாக்டர் சுந்தரராமன் கல் ஆராய்ச்சிக்காரர். இந்தியா ஆசியாவுக்கு அடியில் முட்டிச் செருகியபோது லடாக் பக்கத்துப் பாறை ஒன்று பூமிக்குள் வெகு ஆழம் போய், திரும்பி மேலே வந்தது என்று நிரூபிப்பதற்காகப் பதினோரு வருஷம் மலை மலையாக ஏறி இறங்கியவர். ரிட்டயர் ஆகும் தறுவாயில், அந்தப் பாறையைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து ஒட்டிய ஒரு ஸ்லைடில், தூசியளவு வைரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வைரம் பிறக்க அத்தனை ஆழம் வேண்டும். பேப்பரில் படம் வந்தது, மாலை போட்டார்கள். அப்புறம் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அதைச் சோதித்து, இது பூமி பெற்ற வைரமில்லை, பாலிஷ் பேஸ்டில் கலக்கிற ஃபாக்டரி வைரம் என்று எழுதி, ஸ்லைடை அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

ஆய்வு நிலையத்தில் ஸ்லைடு செய்கிற கோவிந்தப்பா, "எங்க லேபில் வைர பேஸ்ட் உபயோகிப்பதே கிடையாது, வெள்ளைப் பவுடர் மட்டும்தான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படியென்றால் வைரம் தானாக வரவில்லை, யாரோ வைத்தது. வைத்து லாபம் பார்க்கக்கூடியவர் ஒரே ஆள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்த ஒன்பதாம் நாள் சுந்தரராமனுக்கு மாரடைப்பு. ஏழு வாரம் ஆகிறது. இன்று நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி தன் அறிக்கையை முடிக்கிறது.

"தப்பு பண்ணினார்னு எழுதட்டும்" என்றார் பாமா. அறுபது வயது. குரல் நடுங்கவில்லை. "தப்பு பண்ணாதவா யாரு? ஆனா மோசடின்னு எழுதினா, அவர் எழுதின அத்தனையும் குப்பைன்னு ஆயிடும். பதினோரு வருஷம் அந்தக் குளிர்ல போய் மூச்சு முட்டிண்டு வந்த மனுஷனுக்கு அதுதானா மிச்சம்?"

இந்த அம்மா இன்னும் அழவில்லை என்று பீட்டருக்குத் தோன்றியது. அழாதவர்களைக் கண்டால் அவனுக்குப் பயம்.

"அவ்வளவு கீழ போன கல்லு எப்படிம்மா மேல வரும்? லிஃப்டா வெச்சிருக்கு?" என்று கேட்டான்.

"நானும் கேட்டிருக்கேன். மார்கழியில நெய் உறைஞ்சு பாத்திரத்தைக் கவ்விண்டு இருக்குமில்லையா? அடியில லேசா சூடு காட்டினா ஓரம் மட்டும் உருகும். மொத்தக் கட்டியும் வழுக்கிண்டு வெளியில வந்துடும். கல்லும் அப்படித்தான், முழுக்க உருகலை, கொஞ்சம் உருகித்து, அதான் வழுக்கி மேல வந்துதுன்னு சொல்லுவார். சமையலறையில வந்து நின்னு சொல்லுவார். எனக்கு நெய் தீஞ்சுபோகும்."

ஸ்ரீரஞ்சனி சுந்தரராமனின் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்க பீட்டர்."

முழுக்க இங்கிலீஷில் எழுதிய நோட்டில் கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது. 'வட்டம். 18.4 / 42.7. தாஸிடம் கேட்க வேண்டும்.'

எண்களின் கதையை அவள் முதல் நாளே கண்டுபிடித்திருந்தாள். மைக்ரோஸ்கோப் மேடை ஓரத்தில் ரூலர் மாதிரி இரண்டு அளவுகோல்கள் உண்டு, எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வதற்கு. சுந்தரராமனின் சொந்த மைக்ரோஸ்கோப் சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தது. ஆனால் அவருடைய கட்டுரையில் வைரம் இருக்கும் இடம் 18.9 / 42.7. ஸ்லைடின் பின்பக்கம் கடுகளவுக்கு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வைரம் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது, ஆனால் ஓரமாக.

"அரை மில்லிமீட்டர் தள்ளி எழுதியிருக்கார்" என்றாள். "18.4ல நானும் பார்த்தேன். கார்னெட்ங்கற சிவப்புக் கல்லு, விரிசல் விட்டிருக்கு, வேற ஒண்ணுமில்லை. பதற்றத்துல தப்பா எழுதிட்டார்னுதான் நெனைக்கறேன். எனக்கு வேண்டியது தாஸ். ஊர் ஊரா பதினோரு ப்ரொஃபசர் தாஸுக்கு போன் பண்ணிட்டேன். ஒருத்தருக்கும் இவரைத் தெரியலை."

"பன்னெண்டாவது தாஸ் எடுக்கலைன்னா, ராங் நம்பர்னு விட்டுரலாம் மேட..."

வார்த்தை பாதியில் நின்றது. ஸ்லைடின் ஓரத்தில் தானாக ஓடிக்கொண்டிருந்த பீட்டரின் கட்டைவிரல், இடது கீழ் மூலையில் வந்து நின்றிருந்தது. நகத்தை வெட்டி எடுத்த மாதிரி அந்த மூலை மட்டும் மழுங்கியிருந்தது. ஏதோ கீழே விழுந்து உடைந்தது என்று எல்லோரும் நினைத்த மூலை.

பீட்டர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் வயிற்று வலி, இல்லாவிட்டால் விஷயம். ஸ்ரீரஞ்சனி பேனாவை மூடினாள்.

"இது உடைஞ்சதில்ல மேடம். வெட்டினது. எங்க ஊர் வெட்டு."

"எந்த ஊர்?"

"தங்கவயல். எங்க சுரங்க லேப்ல கல்லைத் தேய்க்கறவங்க கை பூரா சேறா இருக்கும். கண்ணாடியில எந்தப் பக்கம் கல்லு, எந்தப் பக்கம் வெறும் கண்ணாடின்னு தெரியாது. பக்கம் மாத்தித் தேய்ச்சா ரெண்டு நாள் வேலை காலி. அதனால ஒட்டும்போதே மூலையை வெட்டிருவாங்க. இடது கட்டைவிரலுக்கு மூலை கிடைச்சா, கல்லு அடியில இருக்குது, தேய்க்கலாம்னு அர்த்தம். வேற எங்கயும் இந்த வழக்கம் கிடையாது."

"அந்த லேப்ல தாஸ்னு..."

"ஒரே தாஸ்தான். எல்லாருக்கும் தாஸ்ணா. சுரங்கம் மூடினப்புறம் சந்தாபுரா பக்கம் வந்துட்டாருன்னு கேள்வி. ப்ரொஃபசர் இல்ல மேடம், எட்டாங்கிளாஸ்."

ஸ்ரீரஞ்சனி பாமா பக்கம் திரும்பினாள். "அம்மா, தாஸ் பேரை சாருக்குச் சொல்லியிருக்கக்கூடியவர் கோவிந்தப்பா ஒருத்தர்தான். சார் போறதுக்கு முன்னால அவர் இங்க வந்தாரா?"

பாமாவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. "முத நாள் சாயங்காலம் வந்தான். உள்ள வரலை. வாசல் கேட் பக்கத்துல நின்னுண்டே பத்து நிமிஷம் ஏதோ சொன்னான், அழுதான். இவர் உள்ள வந்து மைக்ரோஸ்கோப் முன்னால உக்காந்தார். அப்புறம்..." அவர் நிறுத்திக்கொண்டார். "அப்புறம் ஒண்ணுமில்லை. நீங்க கிளம்புங்கோ."

ஏதோ இருந்தது. கேட்க நேரமில்லை.

ஓசூர் ரோடு அன்றைக்கும் வழக்கம்போலத்தான் இருந்தது. பொம்மனஹள்ளியில் லாரிக்குப் பின்னால் ஸ்ரீரஞ்சனியின் மாருதி இருபது நிமிஷம் நகரவில்லை. "இந்தியா ஆசியாவுக்குள்ள முட்டினது இதைவிட ஸ்பீடா நடந்திருக்கும்" என்றான் பீட்டர். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிக்கிற நினைப்பில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய பித்தளை டோக்கனை விரலால் உருட்டிக்கொண்டே வந்தான். சுரங்கத்தில் அவனுடைய நம்பர் 2216. மூடிய அன்று திருப்பிக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்தது.

சந்தாபுரா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் கண்ணாடித் தகடு, அதன் மேல் சாம்பல் நிறச் சேறு, அதில் எட்டு வடிவில் சுழன்றுகொண்டிருந்த ஒரு வயசான கை. பக்கத்து ஸ்டூலில் காலம் போன மைக்ரோஸ்கோப் ஒன்று.

"பீட்ரா? இன்னாடா, ஆளே பெருத்துட்ட?"

"மேல காத்து நல்லாக்கீதுண்ணா. கீழ இருந்தப்ப கிடைக்கல."

தாஸ் சிரித்தார். பல் பாதி இல்லை. அவர் மனைவி கிருஷ்ணம்மாள் டீ போட உள்ளே போனாள். பீட்டர் சுவரைப் பார்த்தான். சுந்தரராமன் படம் போட்ட தமிழ்ப் பேப்பர் துண்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கனகாம்பரம் வேறு.

ஸ்ரீரஞ்சனி ஸ்லைடை அவர் கையில் வைத்தாள். இடது கட்டைவிரல் நேராக மூலைக்குப் போயிற்று.

"என்னுதுதாம்மா. டாக்டர் கல்லு." முகம் மலர்ந்தது. "அவங்க லேப்ல மிஷினு எட்டு மாசம் ரிப்பேரு. கோவிந்தப்பா கல்லைக் கொண்டாந்து குடுப்பாரு, நான் தேச்சுக் குடுப்பேன். ரிஜிஸ்டர்ல அவரு பேரு போட்டுக்குவாரு. எனக்கு இன்னா, கைக்கு வேலை கீதே, போதும்."

"இதையும் வெள்ளைப் பவுடர்லதான் பாலிஷ் பண்ணீங்களா?"

"கார்னெட்டு வெள்ளைப் பவுடருக்கு மசியாதும்மா. டாக்டருக்கு ரிட்டயர்மென்ட்டு, கடைசிக் கல்லு, பளிச்சுனு வரணும்னாரு கோவிந்தப்பா. அதான் இத்த எடுத்தேன்." ஃப்ரேமுக்குப் பின்னால் கையைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்தார். அடியில் பச்சையாக ஒரு விரற்கடை பாக்கியிருந்தது. "சுரங்கத்த மூடச்சொல்ல ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துக்கினோம். பீட்ரு டோக்கன் எடுத்தான். நான் இது. வைர பேஸ்ட்டு. ரெண்டு வருசமா தொடல. டாக்டருக்குன்னு தொட்டேன். பாரு, வைரமே கண்டுபுடிச்சிட்டாரு."

கேஸ் முடிந்துவிட்டது. பீட்டருக்கு அது முடிந்த மாதிரியே தெரியவில்லை.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி மெதுவாக.

"வேணாம் மேடம். எங்க ஊர் ஆளு."

அவன் தரையில் அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னான். வேடிக்கை எதுவும் கலக்காமல், வரிசையாக, ஒன்றுகூட விடாமல் சொன்னான். பேஸ்டில் இருந்த வைரத் தூசி கல்லில் சிக்கிக்கொண்டது. கோவிந்தப்பா வேலை போய்விடுமென்று பயந்து வெளியில் கொடுத்ததை மறைத்தார். பழி டாக்டர் தலையில் விழுந்தது. டாக்டர் இல்லை.

"செத்துட்டாரா?" என்றார் தாஸ்.

"ஏழு வாரம் ஆச்சுண்ணா."

தாஸ் எழுந்து போய் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். சேறு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். கிருஷ்ணம்மாள் டீயோடு வந்து நின்று, என்ன ஏது என்று புரியாமல் அவரைப் பார்த்தாள். கடைசியில் அவர் சுவரிலிருந்து ஃப்ரேமை இறக்கி, பூவை எடுத்துவிட்டு, கவிழ்த்து வைத்தார். அந்தச் சத்தம் பீட்டருக்குத் தாங்கவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று அவனுக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

"நல்லா இருக்கட்டும்னுதான்டா போட்டேன்."

"தெரியும்ணா."

"எங்க வந்து சொல்லணும், சொல்லு. வரேன்." சட்டையை எடுத்து மாட்டியவர் பொத்தான் போடாமல் நின்றார். "அது சரி, நான் வட்டம் போட்டுக் குடுத்தேனே. அத்த அவரு பாக்கலியா?"

ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்தாள். "வைரத்தைச் சுத்தித்தானே வட்டம் போட்டிருக்கீங்க?"

"வைரமா? அது எனக்கு எப்டிம்மா தெரியும், தூசி மாதிரி கீறத? தடிமன் சரியாக்கீதான்னு பாக்கச்சொல்ல, நடுவுல ஒண்ணு கண்ணுல பட்டுது. அதுக்குப் போட்டேன். நான் வட்டம் போட்டா நடுவுலதாம்மா இருக்கும், ஓரத்துல இருக்காது."

"என்ன பட்டுது?"

"வெடிப்பு." தாஸ் பீட்டரைப் பார்த்தார். "இவனைக் கேளு. இவன் நேர்ல பாத்துக்கீறான்."

தொண்ணூற்று இரண்டில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தபோது பீட்டர் இரண்டு பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒருவன் வழியிலேயே போய்விட்டான். "ஆழத்துல கல்லு சும்மாதான் மேடம் இருக்கும். சுத்தி இருக்கற பாரத்தை எடுத்தா திடீர்னு வெடிக்கும். எங்க ஊர்ல பாதி வீட்ல அதுல ஆள் போயிருக்கு."

"அதேதான்" என்றார் தாஸ். "கார்னெட்டு நடுவுல ஒரு பொட்டு. அத்தச் சுத்தி சூரியன் போட்ட மாதிரி விரிசலு. உள்ள அமுக்கி வச்சிருந்தது மேல வரச்சொல்ல உப்பி வெடிச்சிக்கீது. இம்மாத்தூண்டு கல்லுல எங்க சுரங்கத்தையே பாத்தேன். இது ரொம்ப கீழ போய்ட்டு வந்த கல்லு, டாக்டருக்குத் தெரியட்டும்னு வட்டம் போட்டேன்."

ஸ்ரீரஞ்சனி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கைப்பையிலிருந்து சுந்தரராமனின் பழைய கட்டுரை வெளியே வந்தது. ஒரு பக்கத்தைத் தேடினாள், ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். சூரியன் போட்ட மாதிரிதான் இருந்தது.

"கோயசைட்" என்றாள். "சாதாரண குவார்ட்ஸ்தான். தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் ஆழத்துல நசுங்கி இறுகிப்போன ரூபம். மேல வரும்போது உப்பி, சுத்தியிருக்கற கார்னெட்டை வெடிக்க வைக்கும். இதைத்தான், பீட்டர், அவர் பதினோரு வருஷமாத் தேடினார். பேஸ்ட்ல இருந்த தூசி இந்த விரிசல்ல ஒண்ணோட முனையில போய் மாட்டியிருக்கு. அது மினுங்கவும் எல்லாரும் அதையே பார்த்தாங்க. அவரும்தான். நானும் பார்த்துட்டு, வெறும் விரிசல்னு விட்டேன்."

"அப்ப அந்த நம்பரு?"

"அவர் தப்பா எழுதலை. 18.4 வட்டத்துக்கு நடு."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கோவிந்தப்பாவுக்கு போன் போட்டு, "தாஸ்ணா என் பக்கத்துலதான் நிக்கறார்" என்று பீட்டர் சொன்னதுமே மறுமுனையில் அழுகை. கமிட்டித் தலைவர் சேஷகிரி, ஸ்ரீரஞ்சனி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஸ்லைடு செய்தவரே நேரில் வந்து சிரிஞ்சையும் காட்டினால் 'மோசடி' போய் 'அறியாமல் நேர்ந்த தவறு' என்று வரும் என்றார். வைரக் கட்டுரை வாபஸ்தான், அதில் மாற்றமில்லை. மணி ஒன்று ஐம்பது.

மல்லேஸ்வரம் வந்து சேரும்போது மூணு தாண்டிவிட்டது. பாமா கிளம்பித் தயாராக நின்றார். தாஸ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கையில் கைக்குட்டையில் சுற்றிய சிரிஞ்சு.

"என் கையாலதாம்மா ஆச்சு" என்றார்.

பீட்டர் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது பாமா முதலில் கேட்டது, "அப்போ வைரம் இல்லையா?" என்றுதான். இத்தனை நாளும் அந்த அம்மா அதை மனசுக்குள் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இல்லம்மா."

"மோசடியும் இல்லை."

"இல்லம்மா."

பாமா தாஸைப் பார்த்தார். "உங்களைத் திட்டணும்னு இருக்கு. வார்த்தை வரலை" என்றார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார். "வந்து காட்டுங்கோ. உங்ககிட்ட என்ன கேக்க நெனைச்சார்னு எனக்குத் தெரியணும்."

"பேஸ்ட் பத்திக் கேக்கணும்னு எழுதலைம்மா" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "எழுதினது வட்டத்தைப் பத்தி. கோவிந்தப்பா வந்து உண்மையைச் சொன்னப்புறம் சார் பேர் தப்பிக்க வழி கிடைச்சாச்சு. ஆனா அவர் குறிச்சு வெச்சது அதை இல்லை. கல்லைத்தான் குறிச்சிருக்கார்."

தாஸ் ஸ்லைடை மேடையில் வைத்தார். இடது மூலை, கட்டைவிரல். அளவுகோல்களை 18.4க்கும் 42.7க்கும் நகர்த்திவிட்டு ஒதுங்கி நின்றார். பாமா குனிந்து கண்ணை வைத்தார்.

"சூரியன் மாதிரி இருக்கே" என்றார். "ஓரத்துல வெள்ளையா ஒண்ணு ஓடறது."

"உருகின தடம்மா" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "சார் சொல்லுவாருன்னீங்களே, நெய்."

பாமா கண்ணை எடுக்கவில்லை. அப்படியே குனிந்தபடி பேசினார்.

"காலையில ஒண்ணு சொல்லாம விட்டேன். அன்னிக்கு இங்க உக்காந்து பார்த்துண்டே இருந்தவர், திடீர்னு சிரிச்சார். சத்தமா சிரிச்சார். காபி கேட்டார். ஊரே காறித் துப்பறது, உமக்கு வெக்கமில்லாம சிரிப்பு எப்படி வரதுன்னு கேட்டேன். நாளைக்கு ஒருத்தரைப் பார்த்துக் கேட்டுண்டு வந்து சொல்றேன் பாமான்னார். எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்னு கதவைச் சாத்திண்டு படுத்தேன். காபி போட்டுக் கொடுக்கலை. விடியறதுக்குள்ள போயிட்டார்."

பீட்டர் ஒரு நாற்காலியை இழுத்து பாமாவுக்குப் பின்னால் போட்டான்.

"இதுக்குத்தான் சிரிச்சாரா?" என்றார் பாமா. தோள் குலுங்க ஆரம்பித்தது. ஏழு வாரத்தில் முதல் தடவை.

"ஆமாம்மா" என்றார் தாஸ். "இதுக்குத்தான்."

கமிட்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.